எறிவது சுத்தியாகுமா?

உத்ஸவ மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டபோது, வாஹன சேவைகளின் தத்துவத்தைப் பற்றியோ திருமஞ்சனத்தின் மஹிமையைப் பற்றியோ எழுதலாம் என்றே முதலில் எண்ணினேன். அவற்றைப் பற்றி எழுதத் தகுந்த பெரியோர் பலர் இருக்கின்றனர். அடியேன் எடுத்துக்கொண்ட விஷயம் சிலருக்கு வியப்பளிக்கலாம். நகரங்களில் கடைகளிலிருந்து பார்சலாக உணவு வாங்கிவரும் டப்பாக்களையும் உறைகளையும் பற்றியது அது. கோயில் மலரில் குப்பையைப் பற்றியா எழுதுவது என்று முகம் சுளிக்க வேண்டா. சுத்தி எது, அசுத்தி எது என்ற பழைய வினா அதற்குள் இருக்கிறது. அவ்வினாவின் முன் அடியேனும் குற்றவாளியாகவே நிற்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நலம்.

சில ஆண்டுகளுக்கு முன் கண் சிகிச்சைக்காகச் சென்னையில் என் தமக்கையின் மகன் வீட்டில் பத்து நாட்கள் தங்க நேர்ந்தது. மருமானும் அவன் மனைவியும் கம்ப்யூட்டர் நிறுவனங்களில் பணிபுரிகின்றனர். ஒருநாள் இருவரும் வெகுநேரம் கழித்தே வீடு திரும்பினர். குழந்தைகள் இருவரும் பசியோடிருந்தனர். மருமான் கைபேசியில் சாப்பாட்டுக்குச் சொன்னான். அரைமணி நேரத்துக்குள் ஓர் இளைஞன் வியர்வை வழிய இரண்டு பைகளைக் கொணர்ந்து கொடுத்துவிட்டு, நின்று மூச்சுவிடவும் நேரமின்றி இறங்கிச் சென்றான். அடியேன் வெளியில் சமைத்ததை உண்ணும் வழக்கமில்லாதவன். ஆகையால் பாலும் பழமும் எடுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். சாதத்துக்கு டப்பாக்கள், சாம்பாருக்கும் ரஸத்துக்கும் கூட்டுக்கும் வெவ்வேறு டப்பாக்கள், சப்பாத்திக்கு அலுமினியத் தாள், ஊறுகாய்க்குச் சிறு பொட்டலங்கள், கரண்டிகள், இவற்றையெல்லாம் சுமந்த பைகள் என்று மேஜை நிறைந்துபோயிற்று. அவர்கள் உண்டு முடித்தபின் எஞ்சியவற்றை மனத்துக்குள் எண்ணினேன். மூடிகள் உட்பட 32 பொருள்கள் இருந்தன. அவை அனைத்தும் ஒரு கறுப்புப் பைக்குள் சென்றன. பையின் வாய் கட்டப்பட்டது. வாயிற்கதவுக்கு வெளியே வைக்கப்பட்டது. வீடு க்ஷணத்தில் துப்புரவாயிற்று.

“இவ்வளவையும் எறியத்தான் வேண்டுமா?” என்று கேட்டேன்.

மருமான் சிரித்தான். “மாமா, ஆசாரம் பார்க்கும் நீங்கள் இதை மெச்ச வேண்டாமா? ஹோட்டல் பாத்திரம் என்றால் நமக்கு முன் யார் எச்சில் செய்தார்களோ என்ற சந்தேகம் உண்டு. இந்த டப்பாவில் எனக்கு முன் யாரும் உண்டதில்லை. எனக்குப் பின்னும் யாரும் உண்ணப்போவதில்லை. நீங்கள் வாழையிலையில் சாப்பிட்டு இலையை எறிகிறீர்கள். நாங்கள் டப்பாவில் சாப்பிட்டு டப்பாவை எறிகிறோம். ஸ்ரீரங்கத்தில் பெரிய பெருமாளுக்கே தினமும் புதிய மண்பானையில்தானே தளிகை? இதைவிட மடி வேறென்ன இருக்கிறது?” என்றான்.

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் பாடசாலையில் பல ஆண்டுகள் தர்ம சாஸ்திரம் கேட்டவனாகிய எனக்கு அன்றிரவு விடை தோன்றவில்லை. விடை சொல்லும் யோக்யதையும் அப்போது எனக்கு இருக்கவில்லை. அதன் காரணத்தையும் மறைக்காமல் சொல்கிறேன்.

நம் கோயிலில் உத்ஸவ காலத்துப் பிரஸாதம் தொன்று தொட்டு மந்தாரை இலைத் தொன்னையில்தான் வழங்கப்பட்டு வந்தது. ஒரு வருஷம் தொன்னை தைப்பவர்கள் குறைந்துவிட்டனர், விலையும் ஏறியிருந்தது, கூட்டமோ பெருகியிருந்தது. காகிதக் கிண்ணங்களைத் தாமே வாங்கித் தருவதாக ஓர் உபயதாரர் முன்வந்தார். என்ன சொல்கிறீர்கள் என்று என்னிடம் கேட்டார்கள். அடியேன்தான் சரி என்று தலையசைத்தவன். காகிதந்தானே, மக்கிவிடும் என்று எண்ணினேன். அக்கிண்ணத்தின் உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, அப்பூச்சு இல்லாவிடில் காகிதம் சூட்டையும் ஈரத்தையும் தாங்காது என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன்.

தேருக்கு மறுநாள் விடியற்காலையில் விச்வரூப சேவைக்காக ஸந்நிதிக்குச் சென்றுகொண்டிருந்தேன். வீதி மூலையில் அக்கிண்ணங்கள் மலைபோலக் கிடந்தன. துப்புரவுப் பணி செய்யும் ஓர் அம்மாள் வெறுங்கையால் அவற்றை அள்ளிக்கொண்டிருந்தார். சர்க்கரைப் பொங்கலின் நெய் வாசனைக்கு வந்த பசு ஒன்று கிண்ணத்தோடு மென்றுகொண்டிருந்தது. அவர் விரட்டியும் அது போகவில்லை. அடியேனைக் கண்டதும் அவர் ஒதுங்கி வழிவிட்டார். நானும் ஸ்நானம் செய்து மடியாக இருந்தமையால் விலகியே நடந்தேன். பத்தடி கடந்தபின், “முன்னெல்லாம் இலையா இருக்கும் சாமி, மாடு தின்னாலும் பயமில்லே” என்று அவர் சொல்வது காதில் விழுந்தது. குறையாகச் சொன்னதாகத் தோன்றவில்லை, உள்ளதைச் சொன்னார்.

அசுத்தத்தை வீதியில் உண்டாக்கியதில் எனக்குப் பங்கு உண்டு. அதைக் கையால் தொட்டு நீக்கியவர் அவர். ஆயினும் விலகி நடந்தவன் நான், ஒதுங்கி நின்றவர் அவர். இம்மூன்றையும் சேர்த்துவைத்துப் பார்த்தால், அன்று காலை அவ்வீதியில் சுத்தராக இருந்தவர் யார் என்ற வினா எழுகிறதன்றோ? மருமானுக்கு விடை தேடப் புகுந்தவன் எனக்கே விடை தேட வேண்டியவனானேன்.

ஊர் திரும்பியதும் பாடசாலை நாட்களில் படித்த ஏடுகளை மறுபடி புரட்டினேன். மநு ஸ்ம்ருதியின் ஐந்தாம் அத்தியாயத்திலும், யாக்ஞவல்க்ய ஸ்ம்ருதியின் ஆசார அத்தியாயத்திலும் த்ரவ்ய சுத்தி என்ற பகுதி உண்டு. எந்தப் பொருள் எதனால் தூய்மை பெறும் என்பதை அங்கே வகுத்திருக்கிறார்கள். அழுக்குப் படியாத பொன் பாத்திரத்துக்கு நீரே போதும். செம்பு, பித்தளை, ஈயம் முதலியவற்றுக்குக் காரமும் புளிப்பும் நீரும் வேண்டும். மண்பாண்டத்தை மீண்டும் நெருப்பிலிட வேண்டும். மிகவும் தோஷப்பட்ட மண்பாண்டத்தையே விலக்க வேண்டும். சிறுவயதில் இவற்றை நெட்டுருப் போட்டபோது கவனியாத ஒன்று இப்போது கண்ணில் பட்டது. அப்பகுதியின் நோக்கமெல்லாம் பாத்திரத்தை எவ்வாறு மீட்டெடுப்பது என்பதிலேயே இருக்கிறது. ஒருவர் உண்டார் என்பதற்காகப் பாத்திரத்தை எறிந்துவிடு என்பது பெரியோர் காட்டிய வழி அன்று. கழுவு, துலக்கு, காய்ச்சு, மறுபடியும் பயன்படுத்து என்பதே அவர்கள் காட்டிய வழி.

அப்படியானால் இலையை ஏன் எறிகிறோம்? இலை மண்ணிலிருந்து வந்தது; சில நாட்களில் மண்ணாகவே ஆகிவிடுகிறது. அதைக் கழுவி வைத்துக்கொள்ள முடியாது. வைத்துக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. ஸ்ரீரங்கத்திலும் பூரி ஜகந்நாதத்திலும் புதிய பானைகளில் தளிகை நடப்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே. பானை ஓடு இலையைப்போல் விரைவில் மக்காது என்பது உண்மை. ஆயினும் அது சுட்ட மண்; நிலத்துக்கும் நீருக்கும் பசுவின் வயிற்றுக்கும் அது நஞ்சாவதில்லை.

ஆகவே நம் முன்னோர் கையாண்ட பொருள்கள் இருவகை. ஒன்று, மண்ணுக்குத் திரும்புவது, அதை எறியலாம். மற்றொன்று, மண்ணுக்குத் திரும்பாதது. அதைக் கைக்குத் திருப்ப வேண்டும். வெண்கல உருளியும் பித்தளை அண்டாவும் மூன்று தலைமுறை கண்டது இதனால்தான். இக்காலத்துப் பார்சல் டப்பாவோ இவ்விரண்டிலும் சேராது. அது இலையைப்போல் எறியப்படுகிறது, வெண்கலத்தைப்போல் நிலைத்திருக்கிறது. இரண்டின் சௌகரியத்தையும் நாம் எடுத்துக்கொண்டோம். இரண்டின் தர்மத்தையும் விட்டுவிட்டோம். என் மருமானின் வாதத்தில் உள்ள பிழை இதுவே.

மறுசுழற்சிக்கு அனுப்பினால் ஆயிற்று என்று சிலர் ஸமாதானம் கூறுவர். எண்ணெய்யும் குழம்பும் படிந்த டப்பாவைப் பழைய பொருள் வாங்குபவர் ஏற்பதில்லை. ஒளிக்கதிரைப் பாய்ச்சிப் பிளாஸ்டிக்கை வகைபிரிக்கும் இயந்திரங்களும் கரி கலந்த கறுப்பு டப்பாவை அடையாளம் காண முடியாமல் தடுமாறுகின்றன. அக்கறுப்பு நிறமே ஒளியை விழுங்கிவிடுவதுதான் காரணம். எனவே பெரும்பாலும் அது குப்பைக் கிடங்கையே சேர்கிறது. சென்னைக்குக் கொடுங்கையூரும் பெருங்குடியும் பல்லாண்டுகளாகக் குப்பைக் கிடங்குகள். பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியது. பல தேசத்துப் பறவைகள் வந்து தங்கும் அச்சதுப்பு நிலம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலில் 2022-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. வாயிற்கதவுக்கு வெளியே வைத்த கறுப்புப் பை உலகத்துக்கு வெளியே போய்விடுவதில்லை. ஒருவருடைய வாயிலிலிருந்து மற்றொருவருடைய வாயிலுக்குத்தான் போகிறது.

எச்சிலுக்கும் ஓர் உடையவன் உண்டு. உண்டவனே அதற்கு உடையவன். அவன் அதைத் தானே நீக்க வேண்டும், அல்லது நீக்குபவருக்கு நன்றியோடும் கௌரவத்தோடும் இருக்க வேண்டும். தர்மபுத்திரருடைய ராஜஸூய யாகத்தில் கண்ணபிரான் விருந்தினரின் பாதங்களைக் கழுவும் பணியைத் தானே ஏற்றான் என்று பாரதம் சொல்கிறது. எச்சில் இலைகளையும் எடுத்தான் என்று உபந்யாஸகர்கள் சொல்ல நாம் கண்ணீர் மல்கக் கேட்டிருக்கிறோம். எம்பெருமான் செய்தபோது லீலை என்று கொண்டாடும் அதே பணியை வீதியில் ஓர் அம்மாள் செய்யும்போது விலகி நடக்கிறோம். அதுவும் போதாதென்று, அவருடைய பணி மேலும் கடினமாகும்படி எறிகிறோம். நம் சுத்தி பிறருடைய கையில் அசுத்தியாக முடியுமானால், அதைச் சுத்தி என்று சொல்வது தகுமா?

இவற்றையெல்லாம் மருமானுக்கு ஒரு கடிதமாக எழுதினேன். நாலாம் நாள் அவன் தொலைபேசியில் பேசினான். “மாமா, நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். நாளைக்கே எவர்சில்வர் அடுக்கில் உணவு கொடு என்று கேட்கத் தயார். ஆனால் எந்தக் கடை கொடுக்கும்? கொடுத்தாலும் பாத்திரத்தை யார் திருப்பிக் கொண்டுபோவார்கள்? நான் ஒருவன் நல்லவனாக இருந்தால் போதுமா?” என்றான்.

இவ்வினா முதல் வினாவைவிடக் கடினமானது. உபதேசம் செய்வதே தொழிலாகக் கொண்ட நம்மைப் போன்றவர்கள் பெரும்பாலும் இங்கே வழுக்கிவிடுகிறோம். ஜனங்களுக்கு மனம் திருந்தினால் எல்லாம் திருந்தும் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம்.

அடியேனுடைய பால்யத்தில் ஹோட்டலுக்குப் போகிறவர் தூக்குப் பாத்திரத்தோடு போவார். எண்ணெய்க்குப் பாட்டில் கொண்டுபோவோம், பாலுக்குச் சொம்பு. கோலி சோடா குடித்தவர் பாட்டிலைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போவார். எடுப்புச் சாப்பாட்டு அடுக்கு மதியம் வந்து மாலை திரும்பும். அக்காலத்து மனிதர் இக்காலத்து மனிதரைவிட உத்தமர்கள் என்று அடியேன் நினைக்கவில்லை. பாத்திரம் திரும்புவதற்கு ஒரு வழி அன்றைக்கு இருந்தது, அவ்வளவே. கடை பக்கத்துத் தெருவில் இருந்தது. கடைக்காரருக்கு நம் பெயர் தெரியும். இன்று சமைப்பவர் ஓரிடம், கொண்டுவருபவர் ஓரிடம், உண்பவர் ஓரிடம். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. வழி அறுந்துபோனதால் பாத்திரமும் அறுந்துபோயிற்று.

பெருநகரத்தில் அவ்வழியை அமைக்கவே முடியாது என்று சொல்லிவிடுவதற்கில்லை. பம்பாயில் டப்பாவாலாக்கள் 1890-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய தொழில் இன்றளவும் நடக்கிறது. வீட்டிலிருந்து எடுத்த உணவு அடுக்கை அலுவலகத்தில் சேர்த்து, பிற்பகலில் வெற்று அடுக்கை அதே வீட்டுக்குத் திருப்பிவிடுகிறார்கள். மூடிமேல் எழுதிய சில குறிகளே அவர்களுடைய கணக்குப் புத்தகம். கொரோனாத் தொற்றுக்கு முன் நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் அடுக்குகள் இவ்விதம் போய்த் திரும்பின. அங்கே உணவு கொண்டுபோவது பாதி வேலை. பாத்திரத்தைத் திருப்புவது மறுபாதி.

சென்ற உத்ஸவத்துக்கு ஜெர்மனியில் வாழும் அன்பர் ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். அவரிடம் டியூபிங்கன் என்ற ஊரைப் பற்றிக் கேட்டறிந்தேன். ஸம்ஸ்க்ருதம் பயின்றோருக்கு அவ்வூர்ப் பெயர் புதிதன்று. பீட்டர்ஸ்பர்க் அகராதி எனப்படும் மாபெரும் ஸம்ஸ்க்ருத அகராதியைத் தொகுத்த இருவருள் ஒருவரான ருடால்ஃப் ஃபான் ரோத் பேராசிரியராக இருந்த இடம் அது. அந்நகரசபை, 2022-ஆம் ஆண்டு ஜனவரி முதல், வாங்கிச் செல்லும் உணவுக்கும் பானத்துக்கும் ஒருமுறைப் பாத்திரம் கொடுக்கும் கடைகளின்மேல் ஒரு வரி விதித்தது. கிண்ணத்துக்கும் டப்பாவுக்கும் 50 சென்ட். கரண்டி, முள்கரண்டிக்கு 20 சென்ட். துரித உணவுக் கடை ஒன்றை நடத்துபவர் வழக்குத் தொடுத்தார். வழக்கு நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி, நகரசபைக்கு இவ்வரி விதிக்கும் உரிமை உண்டு என்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் 2025 ஜனவரியில் வெளியிட்ட தீர்ப்பில் உறுதி செய்தது. ஒரு காகிதக் கிண்ணம் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம்வரை சென்றது என்றால், அது அற்ப விஷயம் அன்று என்பது தெளிவாகும்.

ஜெர்மனி முழுவதற்கும் 2023 ஜனவரி முதல் மற்றொரு சட்டமும் உண்டு. ஒருமுறைக் கிண்ணத்திலும் பிளாஸ்டிக் டப்பாவிலும் உணவு விற்கும் கடைகள், திருப்பித் தரக்கூடிய பாத்திரத்தையும் வைத்திருக்க வேண்டும். அதில் வாங்குபவரிடம் உணவுக்கு அதிக விலை கேட்கலாகாது. ஐந்து பேருக்கு மிகாமல் வேலை செய்யும் சிறு கடைகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் வாங்குபவர் தம் பாத்திரத்தைக் கொண்டுவந்தால் அதில் நிரப்பித்தர வேண்டும். டென்மார்க்கில் ஆர்ஹஸ் என்ற நகரில், கிண்ணத்துக்கு 5 குரோனர் முன்பணம் வாங்கிக்கொண்டு, தெருக்களில் நிறுவிய இயந்திரத்தில் கிண்ணத்தை இட்டதும் பணத்தைத் திருப்பித்தரும் ஏற்பாட்டை 2024 ஜனவரியில் மூன்றாண்டுச் சோதனையாகத் தொடங்கினர். அக்கிண்ணத்தை எந்தக் கடையில் வாங்கினோம் என்ற கவலை இல்லை. ஊருக்குள் எந்த இயந்திரத்திலும் இடலாம்.

இவற்றால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது உண்மையாகாது. டியூபிங்கனில் வரி வந்த பின்னும் பொதுத்தொட்டிகளில் சேரும் குப்பையின் எடை குறிப்பிடத்தக்கபடி குறையவில்லை என்று அவ்வூர்ப் பல்கலைக்கழக ஆய்வே கூறிற்று. ஆனால் திரும்பும் பாத்திரங்களை வைத்திருக்கும் கடைகள் அங்கே பெருகின. பழக்கம் ஒரு சட்டத்தால் ஒரே நாளில் மாறுவதில்லை. திரும்பும் பாத்திரம் எளிதில் கிடைக்க வேண்டும், எறியும் பாத்திரம் சற்றே கடினமாக வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பழக்கம் மெல்லத் திரும்பும்.

நம் தமிழகத்திலும் அரசு வாளாவிருக்கவில்லை. ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி முதல் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. இவை நன்மையே செய்தன. எனினும் தடைப் பட்டியலுக்குள் வராத கனத்த டப்பாக்களும் அலுமினிய உறைகளும் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. ஒரு பொருளைத் தடுத்தால் அவ்விடத்துக்கு வேறொரு பொருள் வருகிறது. எறியும் வழக்கம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எனவே எறியாதே என்று சொல்லும் சட்டத்தோடு, திருப்புவதற்கு வழி செய்யும் சட்டமும் வேண்டும்.

இவ்வழிக்கு நம் மாநிலத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. கோயில் மலரில் அதைச் சொல்லச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. நீலகிரியில் காட்டு விலங்குகள் உடைந்த மதுப்பாட்டில்களால் காயமுறுவது கண்டு, சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2022 மே மாதம் முதல் அரசு மதுக்கடைகளில் பாட்டிலுக்குப் 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, வெற்றுப் பாட்டிலைக் கொடுத்ததும் திருப்பித்தரும் முறை வந்தது. பின்னர் அது வேறு மாவட்டங்களுக்கும் விரிவுற்றது. தன்னிலை மறக்கக் குடிப்பவனும் பத்து ரூபாயை நினைவில் வைத்துப் பாட்டிலைத் திருப்புகிறான் என்றால், தெளிந்த அறிவோடு சாம்பார் சாதம் வாங்குபவர் டப்பாவைத் திருப்ப மாட்டாரா?

இங்கே இரண்டு ஆக்ஷேபங்கள் எழலாம். கழுவுவதற்கு நீர் வேண்டாமா என்பது ஒன்று. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றியதைக் கண்டவர்கள் இக்கேள்வியைத் தள்ளிவிட முடியாது. வீட்டுக்கு வீடு குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் நீர் வீணாகும் என்பது மெய்யே. பலகடைப் பாத்திரங்களைப் பொதுவான ஓரிடத்தில் இயந்திரத்தால் கொதிநீரில் கழுவினால் நீரும் குறையும், சுத்தமும் கூடும். மேலும், எவர்சில்வர் பாத்திரத்தைச் செய்ய ஒரு டப்பாவைவிட அதிகம் செலவாகிறது. அது பலமுறை சுழன்று வந்தால்தான் அச்செலவு ஈடாகும். வாங்கி அலமாரியில் பூட்டி வைத்தால் அதுவும் ஒரு குப்பையே.

இரண்டாவது, தள்ளுவண்டியில் இட்டிலி விற்பவர் இவற்றைத் தாங்குவாரா என்பது. தாங்க மாட்டார், தாங்கச் சொல்வதும் நியாயமன்று. பாரம் அவர்மேல் விழாமல், பாத்திரமும் கழுவுமிடமும் நகராட்சி ஏற்பாட்டில் இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான டப்பாக்களை அனுப்பிப் பெரும்பொருள் ஈட்டுகிறவர் முதலில் சுமக்க வேண்டும். வலியவனிடம் கடுமையும் எளியவனிடம் இரக்கமும் காட்டுவதே ராஜதர்மம். பாத்திரத்தைத் திருப்புவது தனிமனிதனின் தர்மம். அது திரும்புவதற்கு வழியமைப்பது ஆள்வோரின் தர்மம். ஒன்றைக் காட்டி மற்றொன்றிலிருந்து யாரும் தப்பித்துக்கொள்ளலாகாது. வழியில்லை என்று நானும், ஜனங்கள் கேட்கவில்லை என்று அவர்களும் சொல்லிக்கொண்டிருந்தால், அள்ளும் அம்மாளின் கைக்கு ஓய்வேது?

இவ்வளவு எழுதியவன் தான் செய்தது என்ன என்று கேட்பீர்கள். சென்ற உத்ஸவத்தில் விழாக் குழுவினரின் இசைவோடு சிறிது செய்து பார்த்தோம். அங்கேயே உண்பவர்க்கு மந்தாரைத் தொன்னை. நீர்மோர்ப் பந்தலில் எவர்சில்வர் டம்ளர். சத்திரத்தில் தங்கியுள்ள முதியோருக்கும் குழந்தைகளுக்கும் பிரஸாதம் கொண்டுபோகிறவர்க்காக 100 தூக்குப் பாத்திரங்களை வாங்கி, 50 ரூபாய் முன்பணம் பெற்றுக்கொண்டு கொடுப்பது என்று தீர்மானித்தோம்.

குழுவில் மூத்தவர் ஒருவர் கடுமையாக ஆக்ஷேபித்தார். “பெருமாள் பிரஸாதத்துக்கு டெபாசிட்டா? பாகவதர்களைத் திருடர்கள் என்று நினைக்கிறோமா?” என்று கேட்டார். அவர் வருத்தம் நியாயமானதே. அடியேனும் இரண்டு நாள் யோசித்தேன். பிறகு அவரிடம், “ஸ்வாமி, நம் வீட்டுப் பெண்டுகள் மறவாதிருக்க முந்தானையில் முடிச்சுப் போட்டுக்கொள்வார்களே, அதனால் அவர்களை நம்பாதவர்கள் என்று ஆகுமா? இப்பணம் பிரஸாதத்தின் விலையன்று, மறதிக்குப் போடும் முடிச்சு” என்றேன். அவர் முழுமனத்தோடு ஏற்றாரா என்பது தெரியாது. ஆனால் கணக்கெழுத அவரே உட்கார்ந்தார். உத்ஸவம் முடிந்த அன்று 91 தூக்குகள் இருந்தன. குறைந்த ஒன்பதுக்கும் உரிய பணம் பெட்டியில் இருந்தது. அதைக்கொண்டு வாங்கக்கூடியதை வாங்கினோம். பிறர் உண்ட பாத்திரமாயிற்றே என்று தயங்கியவர்களை மடைப்பள்ளிக்குப் பின்புறம் அழைத்துச் சென்று, புளியிட்டுத் துலக்கிக் கொதிநீரில் அமிழ்த்துவதைக் காட்டினோம். எவர்சில்வர் ஸ்ம்ருதிகளில் சொல்லப்படவில்லைதான். ஆனால் உலோகத்துக்குச் சொன்ன சுத்தி அதற்கும் பொருந்தும்.

மறுநாள் காலையில் அதே வீதி மூலையில் அதே அம்மாளைக் கண்டேன். குவியல் இல்லாமல் இல்லை. வெளிக்கடைகளில் வாங்கிய டப்பாக்கள் அப்போதும் கிடந்தன. ஆனால் அதில் நம் கோயிலின் பங்கு தொன்னைகள் மட்டுமே. பசு அவற்றைத் தின்றுகொண்டிருந்தது, அவர் விரட்டவில்லை. இம்முறை அடியேன் நின்று, “சௌக்யமா அம்மா?” என்று கேட்டுவிட்டுச் சென்றேன். இது பெரிய ஆசாரமன்று. மிகத் தாமதமாகக் கற்ற சிறு பாடம்.

யாத்ரீகப் பெருமக்களிடம் அடியேனின் விண்ணப்பம் இதுவே. இவ்வுத்ஸவத்துக்கு வந்தவர்கள், இயன்றால், ஒரு தூக்கும் ஒரு டம்ளரும் கையோடு வைத்திருங்கள். இல்லாதவர்க்குக் கோயிலில் கிடைக்கும். ஊர் திரும்பிய பின், வழக்கமாக வாங்கும் கடையில் உங்கள் பாத்திரத்தில் உணவு தரச் சொல்லிக் கேளுங்கள். முதல் கடைக்காரர் மறுக்கலாம். பத்துப் பேர் கேட்டால் யோசிப்பார். உங்கள் நகராட்சி உறுப்பினரிடம் சாலையையும் தண்ணீரையும் பற்றிக் கேட்பதோடு, பாத்திரம் திரும்பும் வழியைப் பற்றியும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இவ்வுலகத்துப் பொருள்கள் யாவும் எம்பெருமானுடைய உடைமை, நாம் அவற்றைக் காப்பவர் மட்டுமே என்பது நம் பூர்வாசாரியர்கள் காட்டிய வழி. பிறருடைய பாத்திரத்தை வாங்கி உண்டவன், கழுவித் திருப்பிக் கொடுப்பதன்றோ முறை?

எம்பெருமான் திருவருள் அனைவர்க்கும் முன்னிற்பதாக.

அடியேன்,
கோயில் அர்ச்சகன்